பாலத்தில் நின்ற இருவர்

மேலகரம் மாட்டுவண்டிக்காரன் மாடக்கண்ணுவுக்கு மோட்டார் பஸ் என்றாலே ஆகாது. அதிலும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிய பஸ்ஸின் டிரைவர் சங்கரநாராயணனைக் கண்டால் காறித் துப்புவான்.

காரணம் இல்லாமல் இல்லை. 1936 ஆனியில், சீசன் தொடங்கிய வாரம், சங்கரநாராயணன் இவன் வண்டிக்குப் பின்னாலேயே வந்து மாட்டின் காதடியில் ஹாரனை அமுக்கினான். மிரண்ட மாடுகள் வண்டியை வயலுக்குள் இழுத்துக்கொண்டு இறங்கின. மயிலைக் காளைக்குக் கொம்பு முறிந்தது. பஸ் நிற்கவில்லை. உள்ளிருந்து யாரோ சிரித்தது மட்டும் மாடக்கண்ணுவுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து அவன் நடுரோட்டில்தான் வண்டி ஓட்டினான். பின்னால் ஹாரன் எவ்வளவு அலறினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். மற்ற வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பஸ் தினமும் தாமதமானது. சங்கரநாராயணனும் சும்மா இருக்கவில்லை. சேற்றுக் குழியாகப் பார்த்துச் சக்கரத்தை விட்டு, எதிரில் வரும் வண்டிக்காரன்மேல் வாரியடித்துவிட்டுப் போவான்.

"ரெண்டு அடி ஒதுங்கினா என்ன கொறஞ்சு போயிரும்?" என்று மாடக்கண்ணுவின் மனைவி குருவம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அவன் ஒதுங்கட்டும்" என்றான்.

ஆடி மாதம் ஒரு மதியம், நல்ல சாரல். குற்றாலத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மாடக்கண்ணு வாய்க்கால் பாலத்துக்கு வந்தான். ஒரு வண்டிதான் போகமுடிகிற பாலம் அது. எதிரே பஸ். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி நடுவில் முட்டிக்கொண்டு நின்றன.

"பின்னால எடும்வே!" என்று கத்தினான் சங்கரநாராயணன்.

"நான் மொதல்ல ஏறுனேன். நீரு எடும்."

"பாரவண்டிக்காக பஸ்ஸ எடுக்கவா? ஒம்ம மூஞ்சிக்கா?"

மாடக்கண்ணு நுகத்தடியில் சாய்ந்து நின்று வெற்றிலையை மென்றான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு திட்டினார்கள். அரை மணி நேரம் போயிற்று.

பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தென்காசி மருத்துவச்சி நூருன்னிசா. கையில் தோல்பை. மழையில் நனைந்துகொண்டே வண்டி அருகே வந்தாள்.

"ஒரு பிரசவத்துக்குப் போகணும். பத்தடி பின்னால எடுத்தா ஒங்க மாடு செத்துப் போகுமா?"

"அவன்கிட்டச் சொல்லும்மா."

"அவருகிட்டயும் சொல்லியாச்சு. ஒங்களக் கைகாட்டுதாரு."

கைப்பிடிச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிப் புகுந்து, குற்றாலம் பார்த்து நடந்தாள். மாடக்கண்ணு அவள் முதுகைப் பார்த்தான். கூப்பிடத் தோன்றியது. டிரைவர் சிரிப்பானே என்று வாயை மூடிக்கொண்டான். கடைசியில் பஸ் ஆட்களே இறங்கி, வைதுகொண்டே வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

மறுநாள் குற்றாலத்தில் தார் ஏற்றப் போனபோது, வழக்கமாகத் தார் கொடுக்கும் பேச்சித்தாயின் பழக்கடை அடைத்துக் கிடந்தது. பக்கத்துக் கடை ஆவுடையம்மாளிடம் விசாரித்தான்.

"பேச்சித்தாய்க்கு நேத்து பிரசவம். புள்ள போயிட்டு அண்ணாச்சி. கழுத்துல கொடி சுத்திக்கிட்டு. மருத்துவச்சி ஓட்டமும் நடையுமா வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. எவனோ ரெண்டு நாசமாப் போறவனுவ பாலத்துல மல்லுக்கு நின்னானுவளாம். வெளங்குவானுவளா?"

மாடக்கண்ணு மாட்டுக் கயிற்றைப் பிடித்தான். அப்படியே போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"அதுல ஒருத்தன் நான்தான்" என்றான்.

ஆவுடையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் காலடியில் துப்பினாள். "வண்டியக் கொண்டுபோரும். இனிமே எங்க கடை முன்னால நிக்கப்படாது."

வெறும் வண்டியோடு திரும்பினான். பாலத்துக்கு வருமுன்பே எதிரே பஸ் வருவது தெரிந்தது. மாடுகளை ஓரமாக இழுத்து, மண்ணில் இறக்கி நிறுத்தினான். ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து டிரைவர் பாலத்துக்கு முன்னாலேயே தயங்கினான். பிறகு மெல்லக் கடந்தான்.

"பயந்துட்டீராவே?" என்று போகிறபோக்கில் கேட்டான்.

மாடக்கண்ணு மாடுகளைத் தட்டிப் பாலத்தில் ஏற்றினான். அடுத்த நாளும் ஒதுங்கினான். அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. சங்கரநாராயணன் ஹாரன் அடிக்காமல், வா என்று கையை மட்டும் அசைத்தான். அவனுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

இருவரும் சிநேகமாகிவிடவில்லை. ஆனால் மற்ற வண்டிக்காரர்களும் மெல்ல ஓரம்கட்டப் பழகினார்கள். பஸ் நேரத்துக்குப் போனது. மாடுகள் மிரளவில்லை. அடுத்த சீசனில் அந்த ரோட்டில் ஒரு வண்டிகூட வயலுக்குள் இறங்கவில்லை.

"அவன் மேல கோவம் தீந்துட்டா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"தீரல. அவன் மூஞ்சியப் பாத்தா இப்பவும் எரியுது. ஆனா அந்த பஸ்ஸுக்குள்ள யாரு இருக்கான்னு நமக்குத் தெரியாதுல்லா."

1946 வரை மாடக்கண்ணு வண்டி ஓட்டினான். பேச்சித்தாய் மறுபடி கடை திறந்தாள். மற்ற கடைத் தார்களெல்லாம் காலப்போக்கில் அவன் வண்டியில் ஏறின. அவளுடைய தார் ஒன்றுகூட ஏறியதில்லை. அவனும் கேட்டதில்லை.