போர்ப் பகுதி என்று சொல்லிவிட்டால்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சைரன் அலறிக்கொண்டிருக்கும்போதே மனுஷன் ஹாரனையும் சேர்த்து அடிப்பார்; கை சும்மா இருந்தால்தானே! ஆற்றுப்பாலம் இறங்கியதும் வரும் தங்கச்சி வீட்டுத் தெருமுனையில் மட்டும் இரண்டே இரண்டு சின்ன ஹாரன். அவள் மாடியிலிருந்து கையாட்டுவாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டதும் வானொலி அதைப் 'பதற்றமான பகுதி' என்றது. என்ன பதற்றம்? பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வருமே, அதுவா? குண்டு விழுகிற இடத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ஆனால் அந்தப் பெயர் இருக்கும்வரை, கூப்பிட்டால் வண்டி போயே ஆகவேண்டும். 'போர்ப் பகுதி' என்று அறிவித்துவிட்டால் ஒரு வண்டியும் போகக்கூடாது. அதுதான் ஆம்புலன்ஸ் நிலையத்தின் விதி.

கூட வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சுடப்பட்டுச் செத்தார். ஹாரன் நேரே நிலையத்துக்குப் போனார். அதிகாரியின் மேசையை ஓங்கித் தட்டினார். போரைப் போர் என்று சொல்ல வாய் வலிக்கிறதா, இன்னும் எத்தனை பேரைக் காவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். அத்தனை ஓட்டுநர்களும் அவர் பின்னால் நின்று சாவியைக் கீழே வைத்தார்கள். தங்கச்சி நினைவு வராமலில்லை. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் இந்தப் பக்கம் கூட்டிவந்துவிடலாம் என்று இருந்தார்.

மேலிடம் இறங்கிவந்தது. போர்ப் பகுதி என்று அறிவித்த கையோடு பாலத்தில் தடுப்பையும் போட்டுவிட்டது. ஹாரன் தடை கேட்டது வண்டிகளுக்கு மட்டும். அவர்கள் ஆட்களையும் சேர்த்து அடைத்தார்கள்.

மறுநாள் மத்தியானமே தங்கச்சிக்கு வலி கண்டுவிட்டது. துணைக்கு இருந்த ஒரே ஆளான பக்கத்து வீட்டம்மா, ரத்தம் நிற்கவில்லை என்று போனில் அழுதாள். ஹாரன் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் பறந்தார். தடுப்பில் நின்ற சிப்பாயின் காலில் விழாத குறை. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"போர்ப் பகுதிண்ணே. ஆம்புலன்ஸ் போகக் கூடாதுன்னு உங்க ஆளுங்கதானே கேட்டு வாங்குனாங்க."

ஹாரன் திரும்பிவந்து வண்டியில் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் கை பழக்கத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டது.

உடனே போன் அடித்தது.

"உன் ஹாரன் கேட்டுச்சுண்ணே," என்றாள் தங்கச்சி. "கதவைத் திறந்து வைக்கச் சொல்லிட்டேன்."