ஏழுமலையின் மாத்திரையை நிறுத்தியவன்

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்து தொடங்கி, நாற்பது பாத்திக்கு மேஸ்திரி ஆனேன். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு இன்றைக்கு இறங்குமா நாளைக்கா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்வதாக நினைத்தால் அளத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நான் 2005-ல் செய்த தவறு இது. மேஸ்திரியாகப் போகிறவர்கள் படிக்க வேண்டும்.

1. சேறு கலந்த உப்பு

என் ஆட்களில் உப்பு வாருவதில் ஏழுமலைக்கு நிகர் அன்று யாருமில்லை. பாத்தியின் அடி, மிதித்து இறுக்கிய களிமண். வாரும் பலகை அதில் உரசாமல் உப்பை மட்டும் இழுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் சேறு கலந்துவிடும்.

சுனாமிக்கு அடுத்த மாதங்களில் அவன் வரப்பில் நின்று தனியாகப் பேச ஆரம்பித்தான். யாரோ காதுக்குள் திட்டுவதாகச் சொன்னான். அவன் மனைவி செல்வி புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் குரல்கள் அடங்கின. ஆனால் கை விறைத்து நடுங்கியது. உப்பு பழுப்பாக வந்தது.

"யோவ் ஏழுமல, உப்பு வார்றியா, கேணி தோண்டுறியா?" என்று பக்கத்துப் பாத்திக்காரர்கள் சிரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

2. என் வைத்தியம்

"ஏம்பா, இப்ப குரல் கேக்குதா?" என்றேன்.

"இல்லீங்க மேஸ்திரி."

"அப்புறம் என்னாத்துக்கு மாத்திர? அதான் உன் கைய கெடுக்குது. தூக்கிப் போடு. நல்லா வேர்க்க வேல செய்யி, எல்லாம் சரியாப்பூடும்."

"டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்களே?"

"டாக்டரம்மா பாத்தியில எறங்கி வாருவாங்களாடா? நான் சொல்றேன், கேளு."

கேட்டான். பதினைந்து நாளில் கை இளகியது. உப்பு மல்லிகைப் பூவாகக் குவிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, டாக்டரால் ஆகாததை நான் செய்து காட்டினேன் என்று ஊருக்கே சொன்னேன். செல்வி மட்டும் பயந்தபடியே இருந்தாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை, ஆட்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை ஏழுமலை எட்டி உதைத்தான். "வெசம் கலந்துட்டானுங்க, யாரும் குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே கழுவெளிச் சதுப்புப் பக்கம் ஓடினான். மறுநாள் மதியம்தான் கோரைப் புதருக்குள் கண்டுபிடித்தோம். உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து கிடந்தான். நாங்கள் நீட்டிய தண்ணீரையும் தட்டிவிட்டான்.

3. டாக்டரம்மா சொன்னது

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூளையில செய்தி கொண்டுபோற ரசாயனங்கள் இருக்குங்க. அதுல ஒண்ணு டோபமைன். இந்த நோய்க்கு அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா மூளையில ஒரு பக்கம் அது அளவுக்கு மேல வேல செய்யும்போது இல்லாத குரல் கேக்குது, சந்தேகம் வருது. மாத்திர அதத் தடுக்குது. கை கால் அசையறதுக்கும் அதே டோபமைன் வேணும். அங்கயும் தடுத்துட்டா கை விறைச்சுக்கும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, அளவக் குறைச்சிருப்பேன், இல்ல வேற மாத்திர குடுத்திருப்பேன்."

எனக்கு அது உடனே புரிந்தது. ஒரே வாய்க்கால், இரண்டு பாத்தி. ஒன்றில் வழிகிறதென்று மடையை அடைத்தால் மற்றது காயும். மடையை அளவாகத் திறந்து வைக்கத் தெரிந்தவர் அந்த அம்மா. நான் மடையையே பிடுங்கிப் போட்டவன்.

வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: "முன்னல்லாம் காதுல கேக்கறது யார் கொரலுன்னே தெரியலன்னு சொல்வாருங்க. இப்ப உங்க கொரலாவே கேக்குதாம். மாத்திர போடாத, போடாதன்னு."

ஏழுமலை தேறுவதற்குள் அடுத்த வருஷம் ஆகிவிட்டது. கை நடுங்காத மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு வந்தான், ஆனால் என்னிடம் இல்லை, வேறொரு அளத்துக்கு. அங்கே போய் நின்றேன்.

"நம்ம பாத்திக்கே வந்துடுப்பா. மாத்திர விஷயத்துல இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

பலகையை நிறுத்திவிட்டு, என் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமெல்லாம் இல்லீங்க மேஸ்திரி. மத்தவங்க பேசுனா நெசம்னு தெரிஞ்சுபூடுது. நீங்க பேசுனாத்தான், நீங்களா அந்தக் கொரலான்னு தெரியலீங்க."