எட்டிப் பார்க்காமல் ஏறியவர்

2006 வாக்கில் நடந்தது இது. ஹைதராபாத்தில் ஐ.டி. கம்பெனிகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த நேரம். என் கணவருக்கும் அங்கே வேலை கிடைத்தது. பொள்ளாச்சியிலிருந்து மூட்டை முடிச்சோடும் நாலு வயது மகளோடும் போய், மாரெட்பள்ளியில் ஒரு அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியேறினோம். சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கூட முடிக்கவில்லை. ஒருநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிய கணவர், லிஃப்ட் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. அது கீழே எங்கோ நின்றுகொண்டிருக்க, கதவு மட்டும் திறந்துகொண்டது.

அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு இன்றும் தெம்பில்லை.

என் கணவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நானே கேலி செய்யும் அளவுக்கு ஜாக்கிரதைக்காரர். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் அது கழன்று கையோடு வரப்போகிறது என்பேன். கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அவரைப் போய், செல்போனில் பேசிக்கொண்டே கவனமில்லாமல் விழுந்துவிட்டார் என்று பில்டரின் ஆட்கள் எல்லோரிடமும் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவரும் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு பராமரித்தவரும் அந்த பில்டர்தான். மறுத்துப் பேச என் கணவர் இல்லை. வாய் செத்தவன் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

காரியம் முடிந்த கையோடு பில்டர் ஒரு ஆளை அனுப்பினார். ஏதோ ஒரு தொகை தருவார்களாம். இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று எழுதியதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“போன உசுரு திரும்பியா வரப்போவுது அம்மணி? கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு ஊருக்கு வந்துரு கண்ணு. இவுனும் போன்ல பேசிட்டேதான் போயிருப்பானாட்ட இருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பாவே நம்ப ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு என் மகளும் இதையே கேட்டு வளருவாள். “அவரு மேல தப்புன்னு எழுதியிருக்குதுங் மாமா. நான் எப்படிங் போடுவேன்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஆன்ட்டி சாப்பாடு கொண்டுவந்தார். மூன்று தலைமுறையாக ஹைதராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பாவம், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். “ஹவ் மா, ஆமா, அந்த லிஃப்ட் அப்படித்தான். நாங்க எல்லாம் கதவத் திறந்து எட்டிப் பாத்துட்டுதான் ஏறுவோம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். புதிதாக வந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. இதை பில்டரின் ஆளுக்கு முன்னால் வந்து சொல்லுங்கள் என்று ஆன்ட்டியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். “நக்கோ மா, வேணாம், நாங்க இங்கேயே இருக்கணும்” என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற வீடுகளிலும் கதவைத் தட்டினேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் நுகர்வோர் மன்றத்தைப் பற்றிச் சொன்னார். யாருடைய அலட்சியத்தால் ஒருவர் உயிர் போனதோ, அவர்களிடம் இறந்தவரின் மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லாரும் இழப்பீடு கேட்கலாம். அங்கே வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் நாமே நின்று பேசலாம். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நான் மகளோடு குஷாய்குடா பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறி, நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்து, மனுவைப் போட்டேன்.

வாய்தா மேல் வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருமுறை, இறந்தவர் வெறும் வாடகைக்காரர், எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றார். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வாங்கும்போது மட்டும் தெரிந்ததா என்று நான் கேட்டேன். ஆனால் என் பக்கம் சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது.

அங்கே பெரும்பாலும் எல்லாமே எழுத்தில்தான் நடக்கும். ஆனால் பில்டர் தரப்பு, ஆளை நேரில் நிறுத்தினால் என்னை ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ, கட்டட மேனேஜரைச் சாட்சியாகக் கூட்டிவந்தது. மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்தியில் பேசினார். அந்தக் கட்டடத்தில் குழந்தைகள்கூட கதவைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுமாம். இவர் ஒருவர்தான் பார்க்காமல் காலை வைத்தாராம்.

மன்றத் தலைவர் என்னைப் பார்த்து, கேள்வி இருக்கிறதா என்றார். ராத்திரியெல்லாம் ஆங்கிலத்தில் தயார் செய்ததெல்லாம் எங்கே பறந்ததோ தெரியவில்லை. அந்த ஊர் வந்து, காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

“கைக்கு?” என்றேன். அந்த ஊர்த் தெருப் பேச்சில் ‘ஏன்?’ என்று அர்த்தம்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் விழித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், கதவு திறந்தால் அங்கே லிஃப்ட் இருக்க வேண்டுமல்லவா, பிறகு குழந்தைகள்கூட ஏன் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். மன்றத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “கைக்கு? போலோ” என்று தாமே கேட்டார். பழைய லிஃப்ட், சில சமயம் அப்படித் திறந்துகொள்ளும் என்று மென்று விழுங்கினார் மேனேஜர். எவ்வளவு நாளாக என்றார் தலைவர். ரொம்ப நாளாக என்று பதில் வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்று நேரில் பார்த்தேன். வெளியே வந்ததும் தலை நிமிர்ந்துதான் பஸ் ஏறினேன்.

தீர்ப்பு வந்தது. இழப்பீடு எனக்கும் மகளுக்கும் மாமனார், மாமியாருக்கும் சேர்த்து. லிஃப்டையும் மாற்றச் சொன்னார்கள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே வரியைத்தான்: இறந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. பில்டர் மேல்முறையீடு போனார். அங்கேயும் அந்த வரி அசையவில்லை. போனில் அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது மாமனார் சத்தம் போட்டு அழுதார். அப்புறம் பொள்ளாச்சி சந்தையில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, “எம் மருமவ ஒரே ஒரு வார்த்தைதானுங்க கேட்டா, கோர்ட்டே கம்முனு ஆயிருச்சுங்க!” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

புது லிஃப்டுக்குப் பூஜை போட்ட அன்று எதிர்வீட்டு ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. பழக்க தோஷம், அத்தனை பேரும் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் உள்ளே நின்று, “அம்மா, ரா!” என்று தெலுங்கில் கூப்பிட்டாள்.

இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். செல்போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்டில் ஏறும்போது திட்ட வாயெடுப்பேன். கதவு திறந்தால் லிஃப்ட் இருக்கும் என்று நம்பி ஏறியதில் அவள் அப்பா மீது ஒரு தப்பும் இல்லை என்று நானே போராடி எழுதி வாங்கியது அப்போது ஞாபகம் வரும். பேசாமல், எட்டிப் பார்க்காமல், நானும் அவள் பின்னாலேயே ஏறிக்கொள்வேன்.