தொடுவாயை வெட்டியவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படி ஒன்று இருந்தால் எங்கள் முல்லைத்தீவுக் கரையில் உயிரோடிருக்கும் நாங்கள் கால் வைக்க இடம் இருக்காது, அவ்வளவு பேரை இழந்த மண் இது. இதைச் சொல்லிச் சொல்லியே கோயிலடியில் மற்றப் பெண்களின் வாயை அடைத்தவள் நான். ஆகவே இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்கமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

கடலை ஒட்டிக் கிடக்கும் உப்புநீர் ஏரியான எங்கள் களப்பைச் சுற்றி முன்பு, சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரக்காடு இருந்தது. பதுங்குகுழிக்கும் விறகுக்கும் வெட்டியது போக மிஞ்சியதும் பட்டுப்போக, அந்த வேர்களுக்குள் வளர்ந்த இறாலும் நண்டும் குறைந்து, என் கணவர் அன்ரன் வெறும் வலையோடு திரும்பும் நாட்கள் கூடிவிட்டன. அதனால்தான் பெண்கள் நாங்கள் சேர்ந்து கரைச்சேற்றில் கண்டல் கன்று நட்டோம். இரண்டு முறை நட்டோம், இரண்டு முறையும் செத்தன. மூன்றாம் முறை நட்டபோது கன்று தந்தவர்கள், இதுவும் போனால் இனி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அந்த மாரியில் மழை கொட்டித் தீர்த்தது, மேலே இருக்கும் வயல்களின் வெள்ளமெல்லாம் களப்புக்குள் இறங்கியது. களப்பு கடலைத் தொடும் வாயை நாங்கள் தொடுவாய் என்போம், கோடையில் அதை மணல் மூடிவிடும், மாரியில் ஆண்கள் சேர்ந்து வெட்டித் திறப்பார்கள். திறக்கும்வரை தண்ணீருக்குப் போக இடமில்லை. கன்றுகள் நுனியிலை வரை மூழ்கிக் கிடந்தன, இன்னும் சில நாள் அப்படியே நின்றால் அழுகிவிடும். மீனவர் சங்கத் தலைவரிடம் போய் நின்றேன்.

"இப்ப வெட்டினால் இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும் பிள்ளை, அது இன்னும் சின்னன். கொஞ்சம் பொறுங்கோ."

"கண்டல் கண்டு பொறுக்காது அண்ணை. கண்டு செத்தால் பிறகு இறாலும் இல்லை."

"தொடுவாய் வெட்டுறது பொம்பிளையளின்ர வேலை இல்லை" என்று பேச்சை முடித்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். அன்று பின்னேரம் மழை விட்டதும், சங்கம் என்ன செய்கிறது பார்ப்போம் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே தொடுவாய்க்குப் போனேன்.

அங்கே ஏற்கனவே ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம், என் கண்ணிலும் கோளாறில்லை. சாரத்தை மடித்துக் கட்டிய ஆண், முதுகு என் பக்கம். அவர் வெட்டிய விதம்தான் பிழையாக இருந்தது. எங்கள் ஊரில் கடல்பக்கம் தொடங்கிக் களப்பை நோக்கித்தான் வெட்டுவார்கள், அப்போதுதான் கடைசி வெட்டில் தண்ணீர் பாயும்போது ஆள் ஒதுங்கி மேலே ஏறலாம். களப்புப் பக்கம் தொடங்கினால் வெள்ளம் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கடலில் போடும். இந்த மனிதரோ களப்புத் தண்ணீரில் முழங்காலளவு நின்றபடி கடலைப் பார்த்து வெட்டிக்கொண்டு போனார், தண்ணீர் அவர் காலைத் தாண்டிப் பாய்ந்தது, அவர் அசையவேயில்லை.

"ஆரது? தண்ணி இழுத்துக்கொண்டு போயிடும், மேல ஏறுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. பொறு என்பதுபோல ஒரு கையை மட்டும் உயர்த்தினார். ஓடினேன். கிட்டப் போனால் ஆளில்லை. ஒரு முழ அகலத்தில் நேரான வெட்டு, அதற்குள் தண்ணீர் அமைதியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஈர மணலில் என் காலடியைத் தவிர வேறு காலடியே இல்லை. நம்பினால் நம்புங்கள், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஊர் முழுக்க நான்தான் வெட்டினேன் என்றது. மறுநாள் காலை அன்ரன் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"நீ வெட்டேல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"வாய் திரும்ப மூடிக் கிடக்குது. தண்ணி கண்டுகளின்ர இலைக்குக் கீழ வரைக்கும்தான் இறங்கியிருக்கு, இறால் அப்பிடியே உள்ளுக்கை நிக்குது. இப்பிடி அளந்து வெட்ட இந்த ஊரில ஆருமில்லை."

கன்றுகள் பிழைத்தன. இன்று அவை என்னைவிட உயரம். அந்த வேர்களுக்குள் இறால் குஞ்சு துள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றும். வெள்ளம் ஏற முன் வேளைக்கே, ஒடுக்கமாக வெட்ட வேண்டும் என்று சங்கத் தலைவரே இப்போது கூட்டங்களில் பேசுகிறார், ஏதோ தன் யோசனை போல. பேசட்டும், கன்று நின்றால் எனக்குப் போதும்.

போன மாரியில் முதல்முறையாகப் பெண்களையும் வெட்டக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். மணல் ஒரு கீறல்கூட இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்க, பின்னால் வந்த அன்ரனைத் திரும்பிக் கூப்பிட்டேன். மறுபடி பார்த்தபோது களப்புப் பக்கம், தண்ணீர் விளிம்பில், ஒரே ஒரு மண்வெட்டி வெட்டு. அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த வெட்டுக்கு நேரே கடல்பக்கம் போய் நின்று, முதல் மண்ணை நான்தான் வெட்டினேன்.