பெயருக்கு முன்னால் ஒரு எண்

கடலூரில் வெப்சைட்டுகளைப் பழுதுபார்ப்பது கனிமொழியின் வேலை. மத்தியானம் சிதம்பரத்திலிருந்து மாமனார் சபாபதி கூப்பிட்டார். அவர் நடத்தும் டுடோரியலின் வெப்சைட்டில் ஆசிரியர் பட்டியலே காணவில்லையாம், வெறும் வெள்ளையாக வருகிறதாம்.

"டேட்டாபேஸ்ல ஒரே ஒரு வார்த்தைதாம்மா சேத்தேன். தொறக்கறதுக்கு அவன்தான் சொல்லிக் குடுத்திருந்தான்."

அவன் என்றால் இளவரசு. அவருக்கு மகன், அவளுக்குக் கணவன். கருமாதி முடிந்து ஒன்பது நாள் ஆகிறது.

திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் கம்ப்யூட்டர் கணக்கில் அதன் நீளம் எண்ணாக நிற்கும்; எழுத்து, அதன்மேல் வரும் குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று, இடைவெளிக்கு ஒன்று. ஒன்று பிசகினாலும் பட்டியல் மொத்தமும் படுத்துவிடும். இளவரசுக்கு முன்னால் பழைய பதினெட்டு அப்படியே இருந்தது. பெயர் மட்டும் 'அமரர் இளவரசு' என்று நீண்டிருந்தது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலே போதும், பட்டியல் வந்துவிடும். விரல் அழிக்கும் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. அழுகைகூட வரவில்லை. பிறகு எண்ணினாள். முப்பத்து நாலு. அடித்தாள். பட்டியல் வந்தது.

"தப்பா சேத்துட்டனாம்மா?" என்றார் சபாபதி.

"வார்த்தை சரிதான் மாமா. நீளந்தான் பழசு. மாத்திட்டேன்."