கரண்டிகளால் நடத்திய பசிபிக் யுத்தம்

பசிபிக் யுத்தம் முழுவதையும் நான் படித்தது துன் ஏரிக்கரையில், ஒரு ஹோட்டல் சமையலறையில். எண்பதுகளின் நடுப்பகுதி. படிப்பித்தவர் என்னோடு கோப்பை கழுவிய ஒரு அண்ணை. அவருடைய தகப்பன் மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்தபோது ஜப்பான்காரனிடம் கன்னத்தில் அடி வாங்கியவராம். அந்த ஒரு அடியை வைத்துக்கொண்டு மகன் தளபதியாகிவிட்டார்.

மத்தியானக் கோப்பைகள் கழுவி முடிந்ததும் மேசையில் சண்டை தொடங்கும். வெங்காயம் பேர்ல் துறைமுகம். உப்புப் போத்தல் சிங்கப்பூர். அதை ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து பிடித்த கதையைச் சொல்லும்போது, அண்ணையே மிதித்து வந்தவர்போல மூச்சு வாங்குவார். மிட்வேயில் நாலு கப்பல்களை, அதாவது நாலு கரண்டிகளை, ஒரே மூச்சில் மூழ்கடிப்பார். குவாடல்கனால், பிலிப்பைன்ஸ், ஒகினாவா என்று அமெரிக்கன் ஏறி வருவதற்குள் என் தேத்தண்ணி ஆறிப்போகும். இரண்டு அணுகுண்டுகளையும் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். அதிலே தந்திரம் ஒன்றும் இல்லையாம். எரிந்துபோன சனத்தைப் பற்றிக் கேட்டால், "அது வேற கதை" என்பார். இத்தனை கடற்போர் நடத்தியவருக்கு நீச்சல் தெரியாது. ஏரிக்கரையில் தண்ணீர்ப் பக்கம் நடக்கவும் மாட்டார்.

மனதுக்குள் அவரை நான் விடாமல் நக்கலடித்தேன். ஆனால் அகதி விசாரணைக்குத் தலைநகரான பேர்னுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் ஓடியது அவரிடம்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது. யாராவது ஒரு கெட்டிக்காரரைப் பிடித்துக் கேஸ் கட்டவேண்டும்.

என் கதையில் ஓரிடம் எனக்கு நாக்கில் வராது. ஆமி ஊரைச் சுற்றிவளைத்த விடியற்காலையில் நான் பின்வேலி பாய்ந்து ஓடினேன். காய்ச்சலோடு படுத்திருந்த தம்பியை எழுப்பவில்லை. அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கரண்டியை எடுத்தார்.

"ரபாவுலிலை ஜப்பான்காரன் பெரிய படையோட இருந்தவன். அமெரிக்கன் அங்கை போய் இறங்கினவனோ? இல்லை. தாண்டிப் போயிட்டான். நீரும் தம்பியின்ர கதையைத் தாண்டிப் போம். தொட்டீரெண்டால், ஏன் விட்டிட்டு ஓடினனீர் எண்டு கேப்பாங்கள்."

"சகோதரங்களைப் பற்றிக் கேட்டால்?"

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லும்."

சொன்னேன். பேர்னில் அதைச் சொல்லும்போது வெட்கமாகக்கூட இல்லை. நிம்மதியாக இருந்தது.

சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. எனக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, நாட்டை விட்டு வெளியேறவேண்டும். அதைக் கொண்டுபோய் நீட்டினேன். தளபதி அசையவில்லை.

"அப்பீல் போடும், ஐசே. இப்ப தம்பியை வெளியில எடும்."

எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவர் சொன்னபடியே தம்பியைப் பற்றி எழுதினேன். அவனை ஆமி பிடித்தது உண்மை என்று ஊர்ச் சமாதான நீதவான் எழுதிக் கொடுத்து, அம்மா அனுப்பி வைத்திருந்த கடிதத்தையும் சேர்த்தேன்.

மறுபடி கூப்பிட்டார்கள். விசாரணையில் சொல்வதையெல்லாம் பதிவுசெய்து, தமிழில் திரும்ப வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது அங்கே முறை. மொழிபெயர்ப்பாளர் எனது பழைய பதிவை விரித்து என் பக்கம் திருப்பினார்.

"சகோதரங்கள் இல்லையெண்டு முதல் சொல்லியிருக்கிறீங்கள். இப்ப ஒரு தம்பி எண்டுறீங்கள். எது பொய் எண்டு அதிகாரி கேக்கிறார்."

அண்ணைதான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கண் அந்தப் பக்கத்தில் விழுந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சகோதரங்கள் ஒருவரும் இல்லை என்ற வரி இருந்த பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, அவசரமே இல்லாமல், அழகாகப் போடப்பட்டிருந்தது.