நூற்றைந்து மைல் நனைந்து வந்த கல்

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தரை மணிக்கு மாத்தளையிலிருந்து என் லொறியில் புறப்பட்டேன். மிளகும் கொக்கோவும் ஏற்றுகிற லொறி அது. அன்று ஏற்றியிருந்தது நான்கு வெறும் தேயிலைப் பெட்டி, இருபது சாக்கு, ரப்பர்த் தோட்டத்துக்கு ஆசிட் வருகிற பெரிய கண்ணாடி ஜாடி ஆறு. ஜாடிகளை எட்டு நாள் நானே கழுவி வெயிலில் வைத்தேன். இந்த வேலையில் அடுத்தவன் கையை நம்பக் கூடாது.

போகிற இடம் திருகோணமலைக்கு அப்பால் நிலாவெளிக் கடற்கரை, நூற்றைந்து மைல். வாங்கப் போகிறது கல்.

சிரிப்பவர்கள் சிரியுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலையில் மிளகு மூட்டை சுமந்தவன் இன்று இரண்டு கடைக்கும் ஒரு லொறிக்கும் சொந்தக்காரன். கொழும்பில் கடல் மீனைச் சீமைக்கு அனுப்புகிற ஒருவர் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் கடலையே வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து ஐந்தடி நீளத் தொட்டி ஒன்று என் வீட்டிலும் செய்தேன். கடலிலிருந்து தூரம், மலைப்பாங்கு, இங்கே அது பிழைக்காது என்று படித்தவர்கள் எல்லாம் வந்து சொன்னார்கள். படித்தவர்கள் மிளகு விலையையும்தான் சொன்னார்கள். அதுவும் சரியாக வந்ததில்லை.

கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் மட்டும் போதாது, நாலாம் நாள் கெட்டுவிடும். அதைச் சுத்தமாக வைத்திருப்பது உயிருள்ள கல். செத்துப்போன பவளப் பாறையின் துண்டுதான். ஆனால் அதன் பொந்துகளில் புழு, நண்டு, பஞ்சு போன்ற சீவன்கள் ஆயிரம் குடியிருக்கும், மேலே ஊதாப் பூச்சு படர்ந்திருக்கும். அழுக்கை அவை தின்னும். வழியில் அவை செத்தால் கல்லே அழுக்காகி, தொட்டி முழுவதையும் நாறடிக்கும்.

முதல் தரம் அப்படித்தான் ஆனது. கல்லை வெறும் சாக்கில் காயக் காயக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் பள்ளிவாசல் மூலை வரைக்கும் நாறியது. அன்றைக்கு என் வீட்டுக்காரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “இன்னொரு தரம் நாறினா, தொட்டியக் கடைக்கு எடுத்திட்டுப் போய் செத்தல் மிளகாய் போடுங்க.” அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே இது கடைசிப் பயணம்.

ஆறேகாலுக்கு நாவுல, பதினேழு மைல். அங்கே என் மனைவியின் தம்பி நூர்தீன் கடை வைத்திருக்கிறான். தேத்தண்ணீர் தந்து, எங்கே பயணம் என்று கேட்டான். கடல் கல் எடுக்கப் போகிறேன் என்றேன். நாளைப் பகல் திரும்பும்போது சோறு தின்னாமல் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். மச்சான் வீட்டு வாசலால் தின்னாமல் போனவன் பிறகு தன் வீட்டுக்குள் எப்படி நுழைவது?

தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். ஹபரணையில் பிளேன்டீ பத்துச் சதம், சூடு மட்டும் இருந்தது. நிலாவெளியில் இறங்கும்போது பதினொரு மணி.

திங்கள் காலை ஆறு மணிக்கு, செல்லத்தம்பி என்ற மீன்பிடிகாரர் தோணியில் கூட்டிப்போனார். கரையிலேயே கல் குவிந்து கிடக்கிறதே என்று கேட்டேன். “அது செத்த கல்லு ஐயா. உசிருள்ளது வேணுமெண்டா முங்கத்தான் வேணும்” என்றார். முங்கினார். கல்லுக்கு இரண்டு ரூபாய்ப்படி நாற்பது கல், ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவு. நனைந்த சாக்கில் சுற்றி, பெட்டிக்குப் பத்தாக அடுக்கினேன். ஆறு ஜாடியிலும் கடல் தண்ணீர்.

ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்திச் சாக்குகளின் மேல் கடல் தண்ணீர் தெளிப்பேன். என் சாரதி பியதாச பல்லேபொலக்காரன், வாய் சும்மா இராது. “திருகோணமலைக்குப் போறவங்க கருவாடு கொண்டு வாறாங்க முதலாளி. நாம கல்லுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு வாறோம்” என்றான். ஸ்டியரிங்கைப் பார் என்றேன்.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நாவுல. லொறியைப் பலா மரத்து நிழலில் நிறுத்தி, பெட்டிகளுக்கு ஒரு தரம் தெளித்துவிட்டு, லுஹர் தொழப் போனேன். பியதாசவை நூர்தீன் உள்ளே கூப்பிட்டுச் சோற்றுக்கு உட்கார வைத்திருக்கிறான்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கிணற்றடியில் நூர்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய்த் தும்புக் கட்டையால் என் கல்லைத் தேய்க்கிறான். இருபது கல் வெள்ளை வெளேரென்று வரிசையில் காய்கிறது. சீமெந்துத் தரையில் சின்ன நண்டுகள் கால் மடங்கிக் கிடக்கின்றன.

“பெட்டி நாத்தம் தாங்க ஏலாம ஈந்திச்சு மச்சான். ரெண்டு பெட்டி முடிஞ்சிட்டு. உங்களுக்குச் சோறு போட முந்தி மத்த ரெண்டையும் கழுவிடுவேன்” என்றான் சந்தோஷமாக.

மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகள் உண்டு. கல் ஏற்றிப் போகிற லொறி என்றால் சூளைக்கென்றே நினைப்பார்கள். மச்சானுடைய சரக்கு நாற்றத்தோடு தன் வாசலால் போனால் தனக்கு மானக்கேடு என்று, ஆள் வைக்காமல் தானே கழுவியிருக்கிறான். கிணற்றுத் தண்ணீர் பட்டால் கடல் சீவன் நிற்காது என்று அவனுக்கு யார் சொன்னது? நான்தான் சொல்லவில்லை.

கண்டியில் பெரிய பெரிய யாவாரிகளை நின்ற இடத்தில் நின்று ஏசியவன் நான். அன்றைக்கு ஏசவில்லை. மற்ற இரண்டு பெட்டியையும் தொடாதே என்று மட்டும் சொல்லி, விஷயத்தை விளக்கினேன். அவன் ஒரு நண்டை விரலால் புரட்டிப் பார்த்தான்.

“உசிரா? இதுக்குள்ளயா?” என்றான். பிறகு, “ராத்தா என்னய என்ன சொல்லுவா?” என்று தன் அக்காவை, என் வீட்டுக்காரியை, நினைத்துக் கேட்டான்.

பியதாச ஓடிவந்து, எல்லாவற்றிலும் கடல் தண்ணீரை ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும் என்றான். எனக்கும் ஆசைதான். நாற்பது கல் வரும் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கல்லை எடுத்து மோந்து பார்த்தேன். கடல் வாசமே இல்லை. இந்த இருபதையும் போட்டால் தொட்டிக்குள் அழுகி, உயிரோடு இருக்கிற இருபதையும் கொல்லும். பாதியோடு போனால் ஊர் சிரிக்கும். ஊர் சிரித்து நான் செத்ததில்லை.

“இதை வச்சு உன் கடைக்குப் படி கட்டு” என்று நூர்தீனிடம் சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். தின்னாமல் எழும்பினால் அவன் உடைந்துபோவான். நான் தின்று முடிக்கும்வரை பியதாச வெளியே பெட்டிகளுக்குத் தெளித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மாத்தளை. எங்கள் தெரு இரும்புக்கடைக்காரர் வாசலில் நின்று எண்ணிவிட்டு, “நாப்பது எண்டு சொன்னீங்க ஹாஜியார், பாதிதானே ஈக்கிது?” என்றார்.

“எண்ண வந்தீங்களா, தூக்க வந்தீங்களா?” என்றேன். மனுசன் தூக்கினார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் வீட்டுக்காரி தொட்டிக்குக் கிட்ட வந்து மூக்கை நீட்டுவாள். மூன்றாம் நாள் இரண்டு கல்லில் வெள்ளைப் பூஞ்சணம் கண்டது. அவள் வருமுன் எடுத்து வீசினேன். பதினெட்டு. தம்பி கழுவிய கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏழாம் நாள் ஒரு பொந்துக்குள்ளிருந்து இறகுபோல ஒரு புழு விரிந்தது. பதினைந்தாம் நாளும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

நிலாவெளியில் கடல் பெரிது, அழகு, யாருக்கும் சொந்தமில்லை. அங்கே உயிரோடு இருப்பது கல்லுக்கு ஒரு வேலையா? மாத்தளையில் உயிரோடு இருக்கிறதே, அதுதான் கல்.

பதினைந்தாம் நாள் காலை அவள் வந்து மோந்தாள். கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து, வலதுபக்கம் வெறுமையாகக் கிடந்த மணலை வெகுநேரம் பார்த்தாள்.

“மத்தப் பாதிக்கு எப்ப போறீங்க?” என்றாள். “இந்தத் தரம் சோத்த நான் கட்டித் தாறேன். நூர்தீன்ட வாசல்ல நிப்பாட்ட வேணாம்.”